தட்டு மட்டும் போதாது: ஃபைன்மனின் தேக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனைப் பற்றி ஊக்கப் பேச்சாளர்கள் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழக உணவகத்தில் யாரோ ஒருவன் விளையாட்டாகத் தட்டைத் தூக்கிப் போட்டான். அது ஆடிக்கொண்டே சுழன்றது. மனம் சோர்ந்து, வேலையே ஓடாமல் கிடந்த இளம் பேராசிரியர் அதைப் பார்த்தார், சும்மா ஒரு கணக்குப் போட்டார், அந்தக் கணக்கு அவரை நோபல் பரிசு வரை கொண்டுபோனது. ஆகவே பொறுப்பு, கவலை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு விளையாடுங்கள் என்று பேச்சு முடியும், கைதட்டலும் விழும்.

கதை பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. அதே ஆண்டுகளில் அவர் வாராவாரம் வகுப்பெடுத்தார், பாடக் குறிப்பு எழுதினார், தேர்வுத் தாள் தயாரித்தார். தட்டு சுழன்ற பிறகும் தன் கண்டுபிடிப்பைப் பிறருக்குப் புரியும்படி எழுதி முடிக்க அவருக்கு நெடுநாள் ஆனது. இந்த மறுபாதியையும் சேர்த்துப் பார்த்தால் அவர் பொறுப்பை உதறியவராகத் தெரியவில்லை. எல்லை தெரியாத ஒரு பெரிய பொறுப்பை இறக்கி வைத்தார். எல்லை தெரிந்த ஒரு சின்னப் பொறுப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார். விளையாட்டுக்கு இடம் கிடைத்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இந்த ஆய்வு 1945 முதல் 1949 வரையான அந்தக் காலத்தையும், பிறகு அதே சிக்கல் திரும்பி வந்த ஒரு சந்தர்ப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது.

ஆதாரம் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை. இந்தக் கதையில் பெரும்பகுதி ஃபைன்மனே ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்துத் தன் வாயால் சொன்னது. அவர் நல்ல கதைசொல்லி. நல்ல கதைசொல்லிகளை முழுக்க நம்பக் கூடாது. அவருடைய 1965 நோபல் உரையும், அந்தக் காலத்தில் அவர் எழுதிய கடிதங்களும் இருப்பதால் ஓரளவு சரிபார்த்துக்கொள்ள முடிகிறது.

கார்னெலுக்கு வந்து சேர்ந்த ஆள்

ஃபைன்மன் 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்து 1942-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, காசநோயாளி என்று தெரிந்தே, வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஆர்லீனைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு லாஸ் அலமோஸ். அணுகுண்டுத் திட்டத்தின் கோட்பாட்டுப் பிரிவில், ஹான்ஸ் பெத்தேயின் கீழ், இருபதுகளின் நடுவிலேயே ஒரு குழுவுக்குத் தலைவரானார். ஆர்லீன் அல்புகெர்க்கியில் ஒரு சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், படுக்கையில் இருந்தார். வார இறுதியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, அவரைப் பார்க்கப் போவார் ஃபைன்மன்.

ஆர்லீனை இந்தக் கதையில் ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய பிழை. ஃபைன்மன் வீட்டில் விளையாட்டின் ஊற்று அவர்தான். பிரின்ஸ்டனில் இருந்தபோது கணவர் பெயரைச் செல்லமாகச் சொல்லிக் காதல் வாசகம் பொறித்த பென்சில்களைப் பெட்டியாக அனுப்பி வைத்தார். மற்ற பேராசிரியர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று ஃபைன்மன் அந்த எழுத்தைச் சீவியெடுத்தார். அதைக் கண்டுபிடித்து, மற்றவர் நினைப்பதைப் பற்றி உனக்கென்ன என்று ஆர்லீன் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு சானடோரியத்தில், தபாலில் வாங்கிய ஒரு சிறு கரி அடுப்பைக் கொடுத்து, நெடுஞ்சாலையைப் பார்த்த புல்வெளியில் உட்கார்ந்து இறைச்சி சுடச் சொன்னார். வண்டிகள் போய்க்கொண்டிருக்க, வெட்கத்தோடு அவரும் சுட்டார்.

1945 ஜூன் 16 அன்று ஆர்லீன் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 16, பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தது. ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. போர் முடிந்து நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, இங்கே குண்டு விழுந்தால் எந்தத் தெரு வரை தரைமட்டமாகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டதாம். பாலம் கட்டுகிறவர்களைப் பார்த்தால், எல்லாம் அழியப்போகும்போது எதற்கு இந்த வீண்வேலை என்று தோன்றியதாம். இந்த மனநிலையில்தான் அந்த இலையுதிர் காலத்தில், 27 வயதில், பெத்தேயின் அழைப்பில் கார்னெலுக்கு ஆசிரியராகப் போனார்.

தேக்கம் எப்படி இருந்தது

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோர்ந்திருக்கும் ஃபைன்மன்கூட உற்சாகமாக இருக்கும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கலகலப்பாகவே இருப்பார் என்கிற பொருளில் பெத்தே பின்னாளில் சொன்னதுண்டு. நடன விருந்துகளுக்குப் போனார். நூலகத்தில் உட்கார்ந்து அரபுக் கதைகள் படித்தார். வகுப்பெடுத்தார். ஆராய்ச்சி என்று உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் நகரவில்லை. ஒரு கணக்கை எடுப்பார், இரண்டு பத்தி எழுதுவார், விட்டுவிடுவார்.

இதற்கு நடுவில் மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வேலை அழைப்புகள் வந்துகொண்டிருந்தன, சம்பளமும் கூடுதல். சாதாரண மனிதனுக்கு இது மகிழ்ச்சி. இவருக்கு ஒவ்வொரு கடிதமும் ஒரு அடி. நான் ஏதோ பெரிதாகச் செய்வேன் என்று இவர்கள் நம்புகிறார்கள், என்னிடம் ஒன்றுமே இல்லையே என்று நொந்துபோனார்.

1946 அக்டோபரில் தந்தை மெல்வில் இறந்தார். அதே மாதம் 17-ஆம் தேதி ஃபைன்மன் ஆர்லீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் இறந்து 16 மாதம் ஆகியிருந்தது. கடிதத்தை உறையிலிட்டு மூடிவிட்டார். ஃபைன்மன் இறந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அதில் நம் ஆய்வுக்கு மிக முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. சேர்ந்து துணி தைக்கக் கற்றுக்கொள்ளலாம், சீனமொழி படிக்கலாம், சினிமா புரொஜெக்டர் வாங்கலாம் என்றெல்லாம் இருவரும் போட்ட திட்டங்களை நினைவுகூர்கிறார். இப்போது தனியாக அவற்றில் ஒன்றையாவது செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு, முடியாது என்று அவரே பதிலும் எழுதுகிறார். நம்முடைய துணிச்சலான ஆட்டங்களுக்கெல்லாம் யோசனை சொன்னவள், தூண்டிவிட்டவள் நீதான் என்கிறார்.

பின்னாளில் உலகம் முழுக்க விளையாட்டுத்தனத்துக்கு அடையாளமாகப் போற்றிய மனிதர், அந்த நாளில் விளையாட்டு மனைவியோடு போய்விட்டது என்று நம்பியிருக்கிறார். தட்டுக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எது துக்கம், எது தன்னைத்தானே கெடுத்துக்கொள்வது

இங்கே ஒரு கோடு போட வேண்டும். மனைவி, தந்தை, குண்டு என்று மூன்றும் அடுத்தடுத்து வந்த ஒருவர் வேலை செய்ய முடியாமல் இருந்தால் அது துக்கம். அதைக் குறையாகப் பேசுவது அநியாயம். துக்கத்துக்கு விளையாட்டு மருந்து என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடலாம்.

ஆனால் துக்கத்தோடு சேர்ந்து வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் எடுக்கும் ஒவ்வொரு சின்னக் கணக்கையும், லாஸ் அலமோஸ் ஆள் செய்யத் தகுந்த வேலையா இது என்று தராசில் வைத்தார். தகுதியில்லை என்று தள்ளினார். தள்ளியதால் கையில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாததையே, பார், நான் தீர்ந்துபோய்விட்டேன் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். வழக்கைப் போடுகிறவரும் அவரே, தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே.

இன்னொரு கோளாறு, செய்த வேலையைக் கணக்கில் சேர்க்காதது. புதிதாக ஒரு பாடத்தை நன்றாக நடத்த எவ்வளவு உழைப்பு தேவை என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டுகளில் கணித இயற்பியல் முறைகள், மின்காந்தவியல் என்று பாடம் தயாரிப்பதே அவருடைய நேரத்தைத் தின்றது. அதுவும் வேலைதான் என்று அப்போது தனக்கு உறைக்கவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். நாள் முழுக்க உழைத்துவிட்டு, இன்றும் ஒன்றும் செய்யவில்லையே என்று படுக்கப் போகும் அந்த வகைக் குற்ற உணர்ச்சி. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இங்கே பொருந்தி வருகிறது. ஒரு குழுவுக்கு விடை காணக்கூடிய கணக்குகள், இன்னொரு குழுவுக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கணக்குகள். இரண்டு குழுவுக்கும், பிரமாதமாகச் செய்தீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: ஒன்று திறனைக் கூட்டும், மற்றது குறைக்கும். விடையில்லாத கணக்குக்குப் பாராட்டு வாங்கியவர்களில், குறிப்பாக ஆண்களில், திறனைக் குறைக்கும் மருந்தைக் கேட்டவர்கள் அதிகம். எப்படி வந்தது என்று தனக்கே தெரியாத பாராட்டைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை தோற்றால் மருந்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஃபைன்மன் மருந்து எதையும் தேடவில்லை. ஆனால் அவருக்கு வந்த வேலை அழைப்புகள் அந்தப் பாராட்டின் சாயலில்தான் இருந்தன. எதற்காகத் தருகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அதனால் அவை தெம்பைத் தராமல் பயத்தைத் தந்தன. தான் எரிந்து முடிந்துவிட்டோம் என்ற முடிவு ஒருவகையில் அந்தப் பயத்துக்கு ஒதுங்க நிழல் கொடுத்தது. இது என்னுடைய வாசிப்பு, அவர் இப்படிச் சொல்லவில்லை.

சவரக் கண்ணாடியும் வில்சனும்

பிரின்ஸ்டனிலிருந்து வந்த அழைப்பு எல்லை மீறியதாக இருந்தது. ஐன்ஸ்டைன் இருந்த உயர்கல்வி நிறுவனத்தில் பாதி, பல்கலைக்கழகத்தில் பாதி என்று அவருக்காகவே செய்த ஏற்பாடு. ஆய்வு மட்டும் செய்துகொண்டு வகுப்பே இல்லாமல் இருப்பது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்து, கற்பித்தலையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். ஐன்ஸ்டைனுக்குக்கூட இவ்வளவு வசதி இல்லையே என்று சவரம் செய்துகொண்டே யோசித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரியவனாக நான் இருக்க வாய்ப்பே இல்லை. அப்படி நினைத்தால் அது அவர்கள் செய்த தப்பு. அந்தத் தப்புக்கு ஏற்றபடி நான் ஏன் உயர்ந்து காட்ட வேண்டும்?

இதைத் தொடர்ந்து, கார்னெலின் அணு ஆய்வுக்கூடத் தலைவர் ராபர்ட் வில்சன் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். வில்சனும் லாஸ் அலமோஸ் ஆள்தான். அவர் சொன்னதன் சாரம்: நீ வகுப்பை நன்றாக எடுக்கிறாய், எங்களுக்கு அதில் திருப்தி. ஓர் ஆசிரியரை வேலைக்கு எடுக்கும்போது அவர் பெரிதாகச் சாதிப்பாரா மாட்டாரா என்பது நாங்கள் எடுக்கும் அபாயம். அது பலித்தால் நல்லது, பலிக்காவிட்டால் எங்கள் பாடு. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

இந்தப் பேச்சை நான் இந்த நிகழ்வின் மையமாக வைக்கிறேன். தட்டு அதற்குப் பிறகுதான் வருகிறது. வில்சன் அவரை, பரவாயில்லை ஓய்வெடு என்று தட்டிக்கொடுக்கவில்லை. நீ எவ்வளவு பெரியவன் தெரியுமா என்று ஊதிவிடவும் இல்லை. ஒரு கணக்குப் பிள்ளையின் நிதானத்தோடு பொறுப்பைப் பிரித்து வைத்தார். வகுப்பு உன் கணக்கில், மேதைமை எங்கள் கணக்கில். ஒரு நிறுவனத்தில் மேலே இருப்பவர் இப்படி வாயைத் திறந்து சொல்வது அபூர்வம். பல இடங்களில் இதற்கு நேர்மாறாக, எல்லையில்லாத எதிர்பார்ப்பைக் கீழே தள்ளிவிட்டு, அன்றாட வேலையை மதிக்காமல் இருப்பார்கள்.

தட்டு

பெரிய சுமை இறங்கியதும் அவருக்கு ஒரு பழைய கேள்வி எழுந்தது. முன்பெல்லாம் இயற்பியல் எனக்கு இனித்ததே, ஏன்? பள்ளியில் படிக்கும்போது குழாயிலிருந்து விழும் தண்ணீர் கீழே போகப்போக மெலிவதைப் பார்த்து, அந்த வளைவின் வடிவத்தைக் கணக்கிட முடியுமா என்று பார்த்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அறிவியலுக்கு அது தேவையும் இல்லை, வேறு யாரோ முன்பே செய்திருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது, செய்தார். சரி, இனியும் அப்படியே செய்வோம், முக்கியமா இல்லையா என்று பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஒரு வாரத்துக்குள் உணவகத்தில் தட்டு பறந்ததாம்.

தட்டின் மேல் கார்னெலின் சிவப்பு முத்திரை இருந்தது. அதனால் தட்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இரண்டும் ஒரே வேகம் இல்லை. கணக்குப் போட்டால், சாய்வு குறைவாக இருக்கும்போது ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு என்று வந்தது. பின்னாளில் இதைச் சொல்லும்போது எது இரண்டு மடங்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டார். உண்மையில் ஆட்டம்தான் சுழற்சியைப் போல இரண்டு மடங்கு வேகம். ஒரு மெல்லிய தட்டைப் போட்டுப் பார்த்தால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். நினைவை முழுக்க நம்பக் கூடாது என்று முன்பே சொன்னேன் அல்லவா.

சமன்பாட்டில் விடை வந்ததும் அவர் விட்டுவிடவில்லை. சமன்பாட்டின் வழியாக அல்லாமல், தட்டின் ஒவ்வொரு துகள் மேலும் செயல்படும் விசைகளை நேரடியாகப் பார்த்து, ஏன் இரண்டு மடங்கு என்று புரிந்துகொள்ள முயன்றார். பெத்தேயிடம் போய்ச் சொன்னார். நன்றாக இருக்கிறது, இதனால் என்ன பயன் என்று பெத்தே கேட்டார். ஒரு பயனும் இல்லை, சும்மா விளையாட்டுக்கு என்றார் ஃபைன்மன். முன்பு இந்தக் கேள்வி அவரை முடக்கியிருக்கும். இப்போது ஒன்றும் செய்யவில்லை. தட்டின் ஆட்டத்திலிருந்து எலக்ட்ரானின் சுற்றுப்பாதை, அங்கிருந்து எலக்ட்ரானை விவரிக்கும் டிராக்கின் சமன்பாடு, அங்கிருந்து போருக்கு முன் பாதியில் விட்டிருந்த குவாண்டம் மின்னியக்கவியல் (எலக்ட்ரானும் ஒளியும் ஒன்றையொன்று பாதிப்பதை விளக்கும் கோட்பாடு) என்று மனம் தானாக ஓட ஆரம்பித்தது.

நோபலுக்கான மூலக் கருத்து தட்டில் பிறந்ததல்ல. அது வீலரோடு செய்த வேலையிலும் 1942 ஆய்வேட்டிலும் ஏற்கனவே இருந்தது. தட்டு செய்தது, அந்த அறையின் கதவைத் திறந்தது மட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்கு அவருக்கு முன்பும் இருந்தது. நடனம், கதைப் புத்தகம், அரட்டை, எல்லாம் அந்தத் தேக்கக் காலத்திலேயே தாராளமாக நடந்தது. அதனால் ஒன்றும் மாறவில்லை. நம் வீடுகளில், படிச்சு முடிச்சுட்டு விளையாடு என்பார்கள். விளையாட்டு என்பது வேலைக்குக் கிடைக்கும் கூலி என்ற கணக்கு அது. அந்தக் கணக்கின்படி ஃபைன்மன் செய்தது தப்பான இடத்தில் விளையாடியது. எந்த வேலை கசந்துபோயிருந்ததோ அந்த வேலைக்குள்ளேயே போய் விளையாடினார். அதுவும் ஒழுங்கோடு: நியூட்டனின் விதிகளை மீறாமல், விடை சரியா என்று பார்க்காமல் விடாமல். யாரும் மதிப்பெண் போடாத வேலை என்பதுதான் வித்தியாசம்.

வகுப்பு எதற்குத் தேவைப்பட்டது

வகுப்பில்லாமல் ஆய்வு மட்டும் செய்யும் நிறுவனங்களைப் பற்றி ஃபைன்மனுக்கு உறுதியான கருத்து இருந்தது. கூர்மையான மூளைகளைக் கொண்டுவந்து காட்டோரம் நல்ல வீட்டில் உட்கார வைத்து, எந்தக் கடமையும் இல்லை, யோசி என்கிறார்கள். கொஞ்ச நாளில் யோசனை வராமல் போகும். யோசிக்க எல்லா வசதியும் இருந்தும் வரவில்லையே என்ற குற்ற உணர்ச்சி உள்ளே ஊரும். அப்போதும் ஒன்றும் வராது. வகுப்பு இருந்தால் குறைந்தது, இன்று பிழைப்புக்கு ஏதோ செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மாணவர்கள் கேட்கும் கேள்விகள் மறந்துபோன கணக்குகளை நினைவூட்டவும் செய்யும்.

அவருடைய மற்ற எல்லாக் கூற்றுகளையும்விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வகுப்புக்கு மணி அடிக்கும், முடியும். அது நன்றாக நடந்ததா என்று அன்றே தெரிந்துவிடும். தன்னைப் பற்றிய பெரிய கேள்வி எதுவும் அதில் இல்லை. இப்படி ஒன்று தினமும் காலுக்குக் கீழே இருந்ததால்தான் மீதி நேரத்தில் பயனில்லாத தட்டோடு விளையாட அவருக்குக் கூச்சமில்லாமல் போனது. ஆய்வேட்டை முடிக்காமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடும் மாணவர்களிடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேரமாக எழுது என்று சொல்கிறார்கள். வகுப்பு, லேப் உதவி, ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எழுது என்பது பல சமயம் மேல்.

விளையாட்டை எழுதி முடித்தல்

1947 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவில் ஒரு சிறு மாநாடு. ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களில் வில்லிஸ் லாம்ப் கண்ட சிறு விலகல் அங்கே பேச்சாக இருந்தது. திரும்பும் வழியில் ரயிலிலேயே பெத்தே அதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டார். கார்னெலில் அதை விளக்கியபோது, சார்பியலோடு ஒத்துப்போகும்படி செய்தால் கணக்கு முழுமை பெறும் என்றார். கூட்டம் முடிந்ததும் ஃபைன்மன் எழுந்து போய், அதை நான் செய்கிறேன், நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றார். அந்த வகைக் கணக்கை வழக்கமான முறையில் எப்படிப் போடுவது என்றே அப்போது அவருக்குத் தெரியாது. மறுநாள் கரும்பலகையில் இருவரும் சேர்ந்து போட்டதில் தவறு, விடை எல்லையில்லாமல் போனது. சொன்ன சொல்லுக்காகத் திரும்பிப் போய், தானாகவே கற்றுக்கொண்டு சரிசெய்தார். இதையெல்லாம் நோபல் உரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நாளைக்கே என்று வாய்விட்ட ஒரு சின்னக் கடமைதான் விளையாட்டை வேலையாக மாற்றியது.

1948 வசந்தத்தில் பென்சில்வேனியாவின் போக்கோனோவில் அடுத்த மாநாடு. ஜூலியன் ஷ்விங்கர் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு மிகக் கச்சிதமாகப் பேசினார். பிறகு ஃபைன்மன், தன் கோட்டுப் படங்களோடு. ஒருவருக்கும் புரியவில்லை. டிராக் ஒரு கேள்வியில் பிடித்தார், டெல்லர் இன்னொன்றில். இவருக்குக் குவாண்டம் அடிப்படையே தெரியவில்லை என்று நீல்ஸ் போர் எழுந்து வந்து விளக்க ஆரம்பித்தார். தனக்குள் ஆடிய ஆட்டத்தின் விதிகளை வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததன் விளைவு அது.

பழைய ஃபைன்மனாக இருந்தால் இது ஒரு நல்ல சாக்கு. நான் தீர்ந்தவன் என்பது நிரூபணமாகிவிட்டது என்று ஒதுங்கியிருக்கலாம். இந்த முறை அவர் ஒதுங்கவில்லை. அவருடைய முறையும் ஷ்விங்கருடைய முறையும் ஜப்பானில் டொமொனாகா செய்ததும் ஒன்றேதான் என்பதை ஃப்ரீமன் டைசன் நிறுவி 1949-ல் வெளியிட்டார். அந்த ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு கூட்டம். ஸ்லாட்னிக் என்ற இயற்பியலாளர் பல மாதம் உழைத்து எடுத்த விடையை, ஃபைன்மன் தன் முறையில் ஒரே இரவில், அதுவும் இன்னும் பொதுவான வடிவில், போட்டுக் காட்டினார். தன்னிடம் உண்மையாகவே ஒரு கருவி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினார். கட்டுரைகளை அச்சுக்கு எழுதும் கடமையும் அதோடு வந்தது. முக்கியமான இரண்டு கட்டுரைகள் 1949-ல் வெளிவந்தன. 1965-ல் டொமொனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவருக்கும் நோபல்.

திரும்பி வந்த சிக்கல்

ஒருமுறை தெளிந்தால் எப்போதும் தெளிவு என்று இல்லை. பரிசுக்குப் பிறகு அவருக்கு மறுபடி ஒரு மந்தம். 1967-ல் சிகாகோ போயிருந்தபோது, டிஎன்ஏ கண்டுபிடிப்பைப் பற்றி ஜேம்ஸ் வாட்சன் எழுதிய கையெழுத்துப் பிரதி அவரிடம் கிடைத்தது. அதைப் படித்தவர், கூட வந்திருந்த இயற்பியலாளர் டேவிட் குட்ஸ்டைனையும் இரவோடிரவாகப் படிக்க வைத்தார். தன் துறையில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை வாட்சன் பெரிதாகத் தெரிந்துவைத்திருக்கவே இல்லை என்று குட்ஸ்டைன் வியந்தார். ஃபைன்மன் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதில் பெரிய எழுத்தில், சுற்றிலும் கிறுக்கல்களோடு, பொருட்படுத்தாதே என்கிற ஒற்றைச் சொல். இதைத்தான் மறந்துவிட்டேன் என்றாராம். ஆர்லீன் பென்சில் விஷயத்தில் சொன்னதும் இதைத்தான்.

யார் கொடுத்த விலை

இந்த இடத்தில் எனக்கு ஃபைன்மனோடு ஒத்துப்போக முடியவில்லை. 1981-ல் பிபிசி நேர்காணலில், குழுக்களில் உட்காரச் சொன்னால், நான் பொறுப்பில்லாதவன் என்று எல்லோரிடமும் சொல்லித் தப்பித்துவிடுவேன் என்றார். சுயநலம்தான், எனக்கு இயற்பியல் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். நேர்மையான பேச்சு. ஆனால் மாணவர் சேர்க்கைக் குழுவில் அவருக்குப் பதிலாக யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் விளையாட ஒரு தட்டு இருந்திருக்கும். கண் விழித்ததும் மனக்கணக்கு, கார் ஓட்டும்போது கணக்கு, படுக்கையிலும் கணக்கு என்று 1956 விவாகரத்தில் இரண்டாவது மனைவி சொன்னதைச் செய்தித்தாள்கள் வேடிக்கையாகப் போட்டன. அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. பெண்களைப் பற்றி அவர் சொன்ன பழைய கதைகளில் சிலவற்றை இன்று படித்தால் முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது.

பொறுப்பில்லாதவன் என்ற இந்த வேஷத்தை அவரே பலமுறை கலைத்தும் இருக்கிறார். 1961 முதல் 1963 வரை, கார்னெலுக்குப் பிறகு அவர் பணியாற்றிய கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இளநிலை மாணவர்களுக்கு இயற்பியல் முழுவதையும் புதிதாகக் கட்டிச் சொல்லிக்கொடுத்தபோது, ஆய்வைக்கூட ஒதுக்கிவைத்து உழைத்தார்.

கடைசியாக 1986. ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவுக்குக் கூப்பிட்டபோது அவர் தயங்கினார். புற்றுநோய்க்கு ஏற்கனவே பெரிய அறுவைசிகிச்சைகள் ஆகியிருந்தன, குழு என்றாலே ஆகாது. நீங்கள் போகாவிட்டால் பன்னிரண்டு பேரும் கூட்டமாகவே அலைவார்கள், நீங்கள் போனால் பதினொரு பேர் கூட்டமாகப் போக, ஒருவர் மட்டும் ஓடி ஓடி விநோதமான விஷயங்களைத் தோண்டுவார் என்று மனைவி க்வெனத் சொன்னார். போனார். பிப்ரவரி 11 காலையில் கடைக்குப் போய் ஒரு கிடுக்கி வாங்கினார். ஓடத்தை உந்தும் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதுதான் திட்டம். எல்லோர் முன்னாலும் முதல்முறையாகச் செய்தால்தான் நேர்மை என்று தோன்றினாலும், மனம் கேட்காமல் முன்கூட்டியே ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டார். பிறகு தொலைக்காட்சிக் கேமராக்கள் முன், குளிரில் அந்த ரப்பர் சில விநாடிகளுக்கு மீண்டு எழவில்லை என்று காட்டினார். நாஸாவின் நம்பகத்தன்மைக் கணக்குகளைப் பற்றித் தான் தனியாக எழுதியதைச் சேர்க்காவிட்டால் அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்வேன் என்று நின்றார். அது பின்னிணைப்பு எஃப் ஆக அறிக்கையோடு வந்தது.